மினிட்ஸ் அக்காவும் இரண்டு தலைவர்களும்

மினிட்ஸ் அக்கா இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். சாட்சி என்ன சொன்னாலும் அப்படியே பிடிப்பார். சாட்சி இருமினால் இருமினார் என்று எழுதுவார். ஒருமுறை ஒரு சாட்சி கூண்டில் நின்றுகொண்டு, "நான் பொய் சொல்ல மாட்டேங்க, சொன்னாலும் இவ்வளவு சொல்ல மாட்டேன்" என்றார். வக்கீல்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா அந்த வாக்கியத்தை முழுசாக எழுதி, கீழே "சிரிப்பு" என்று ஒரு சொல் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

கோர்ட்டை விட்டு வந்ததும் அந்தப் பழக்கத்தால்தான். ஒரு வழக்கில் நீதிபதி ஒரு சாட்சியைப் பார்த்து, "உங்க மாதிரி ஆளுங்க சொல்றதை எவன் நம்புவான்?" என்று கேட்டுவிட்டார். கேட்ட கையோடு அக்கா பக்கம் திரும்பி, "அது வேண்டாம்" என்றார். அக்கா தட்டச்சுப் பிரதியில் அந்த வரியை விட்டுவிட்டார். ஆனால் சுருக்கெழுத்து நோட்டில் அது இருந்தது. நோட்டிலும் அதை அடித்துவிடும்படி யாரும் சொல்லவில்லையே. அப்பீலில் மேல் கோர்ட் நோட்டைக் கொண்டு வரச் சொன்னது. அக்கா போய் வாசித்தார். ஏற்ற இறக்கம் இல்லாமல், ரயில் அறிவிப்பு மாதிரி வாசித்தார். சாட்சி பக்கம் ஜெயித்தது. நீதிபதிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அக்காவுக்குப் பழைய பதிவேட்டு அறை கிடைத்தது. அங்கே தூசி ஒத்துக்கொள்ளாமல் ஒன்றரை வருஷம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கூட்டக் குறிப்பு, அதாவது மினிட்ஸ், எழுத ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்தார்.

வேலை கொடுத்தது ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு. அறுபத்துச் சொச்சம் நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து, தங்கள் அரசுக் காகிதங்களை மக்கள் பார்க்கும்படி திறந்து வைப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தன. வாக்குக் கொடுத்தவர்களையே காவலுக்கும் வைத்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடுவார்கள். கேள்வி கேட்கிற மக்கள் அமைப்புகளை மட்டும் தலைமையில் உட்கார வைத்தால் அரசுகள் கூட்டத்துக்கே வராது. ஆகவே இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். வழிநடத்தும் குழுவில் இருபது பேர். பத்துப் பேர் அரசுகளிலிருந்து, பத்துப் பேர் அமைப்புகளிலிருந்து. தலைவர்களும் இருவர், பக்கத்துக்கு ஒருவர். காலையில் ஒருவர் கூட்டத்தை நடத்துவார், மத்தியானம் மற்றவர். காகிதம் எதுவானாலும் இரண்டு கையெழுத்து விழ வேண்டும்.

ஒரு உறையில் இரண்டு கத்தியா என்று ஆரம்பத்தில் பலரும் கேட்டார்களாம். முதல் வருஷம் மேசை மணி யார் கைப்பக்கம் இருக்க வேண்டும் என்பதற்கே இரண்டு மாதம் கடிதம் போனது, வந்தது. கடைசியில் இரண்டு மணி வாங்கினார்கள். அக்கா சேர்ந்தபோது இரண்டுமே அலமாரியில் இருந்தன. எந்தத் தலைவருக்கும் அடிக்கப் பிடிக்கவில்லை. எல்லாரும் மேசையைத்தான் தட்டினார்கள்.

அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, மூன்றாவது மாடியில். வேலை செய்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுக்கு மேலே ஒரு இயக்குநர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்து எட்டு வருஷம் விழாமல் நின்ற மனிதர். முதல் நாளே அவர் அக்காவைக் கூப்பிட்டு வேலையை விளக்கினார்.

"இது கோர்ட் இல்லைம்மா. யார் என்ன சொன்னாங்கன்னு எழுத வேண்டாம். என்ன முடிவாச்சுன்னு மட்டும் எழுதுங்க."

"முடிவாகலைன்னா சார்?"

"குறித்துக்கொள்ளப்பட்டதுன்னு எழுதுங்க."

ஆறு மாதத்தில் அக்காவுக்கு அந்தப் பாஷை பிடிபட்டது. "ஒப்புக்கொள்ளப்பட்டது" என்றால் நடக்கும். "வரவேற்கப்பட்டது" என்றால் நடக்காது. "குறித்துக்கொள்ளப்பட்டது" என்றால் கிணற்றில் போட்ட கல். இரண்டு பேர் முகம் சிவக்கக் கத்திக்கொண்டால் "கருத்துப் பரிமாற்றம் நடந்தது". ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டால் "விரிவான கருத்துப் பரிமாற்றம் நடந்தது".

இதற்கு ஒரே ஒரு விலக்கு. ஒரு நாட்டின் மேல் புகார் வந்தால் கதவை மூடிக்கொண்டு விசாரிப்பார்கள். அந்த விசாரணையை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும், எழுதியதை வெளியிடவும் வேண்டும். வெளியில் இருப்பவர்கள் உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை என்பதால் அந்த விதி. இரண்டு தலைவர்களும் பதினான்கு நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பதினான்காம் நாள் வரைவை இருந்தபடியே வெளியிட்டு, ஆளுக்கொரு தனிக் குறிப்பைப் பின்னால் சேர்க்க வேண்டும். விதிப் புத்தகத்தை மறுபதிப்புக்குத் தட்டச்சு செய்தது அக்காதான். அதனால் இந்த விதி அவருக்கு மனப்பாடம். அவரைத் தவிர வேறு யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

வீட்டில் மூன்று பேர். அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் சிக்கிக்கொண்டவர்களின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் பேச்சே கிடையாது. அவருக்கும் சேர்த்துப் பேசுவது அவருடைய அக்கா, அதாவது மினிட்ஸ் அக்காவின் நாத்தனார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்த காது; சும்மா இருக்குமா?

"இன்னைக்கு என்ன பேசினாங்க?" என்பார், அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள்.

"வெளியிட்டதும் படிங்க அண்ணி."

"வெளிப்படையா இருக்கணும்னு கூட்டம் போடுறீங்க. வீட்டுல ஒரு வார்த்தை வர மாட்டேங்குது. நல்ல வெளிப்படை!"

அந்த வருஷம் தலைவர்களாக வந்தவர்கள் இருவர். அரசுப் பக்கம் வந்தவர் அக்காவின் நாட்டு அரசிலேயே செயலாளர், தலைநகரிலிருந்து ரயிலில் வருகிறவர். உயரமான, மெதுவாகப் பேசுகிற, ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிடுகிற மனிதர். அமைப்புகள் பக்கம் வந்தவர் பக்கத்து நாட்டுக்காரர். மூன்று மணி நேர ரயில். ஒரு காலத்தில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்தவர். எந்தத் தெருவுக்கு வண்டி எத்தனை நிமிஷத்தில் போனது என்ற பட்டியலைத் தன் அரசு வெளியிட வேண்டும் என்று ஏழு வருஷம் மல்லுக்கட்டி ஜெயித்தவர். எல்லாரும் அவரை ஆம்புலன்ஸ் அம்மா என்றார்கள். அவருக்கு முன்னாலும் அப்படித்தான் சொன்னார்கள்.

இவர்கள் இருவரும் அடித்துக்கொள்வார்கள் என்று குழுவே காத்திருந்தது. அவர்கள் அடித்துக்கொள்ளவில்லை. ஸ்டேஷனிலிருந்து ஒரே காரில் வந்தார்கள். ஒருவர் கண்ணாடியை மறந்தால் மற்றவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்கள். இருவருக்கும் ஒரே பவர். அக்காவின் வரைவுகள் வழக்கமாக மூன்று முறை திருத்தி வரும். அந்த வருஷம் ஒரே நாளில் இரண்டு கையெழுத்தோடு வந்தன. இயக்குநர் இதைக் கண்டு கொஞ்சம் கவலைப்பட்டார்.

பிறகு அக்காவின் நாட்டு அரசு ஓர் ஆணை போட்டது. நகராட்சிக் கூட்டப் பதிவுகளும் அவை தொடர்பான கோப்புகள் அனைத்தும் முப்பது வருஷத்துக்கு மூடி வைக்கப்படும்.

அக்காவுக்கு அது நாத்தனார் வழியாகத்தான் தெரிந்தது. அவர்கள் தெருமுனையிலிருந்த பஸ் நிறுத்தத்தைத் திடீரென்று முந்நூறு அடி தள்ளி வைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்க நாத்தனார் நகராட்சிக்குப் போனார்.

"பதிவைப் பார்க்கணும்னா முப்பது வருஷம் கழிச்சு வாங்கங்கறான். எனக்கு இப்ப அறுபத்தெட்டு. தொண்ணூத்தெட்டு வயசுல நான் போய் பஸ் நிறுத்தத்தை என்ன பண்றது?"

"எழுதிக் குடுத்தானா?" என்று கேட்டார் மெக்கானிக். அந்த வாரத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

"குடுத்தான். வரிசை எண்ணோட."

நாட்டின் நான்கு அமைப்புகள் கூட்டமைப்புக்குப் புகார் அனுப்பின. புகார் வந்தால் குழு விசாரித்தே ஆக வேண்டும். விசாரிக்கப்பட வேண்டிய அரசின் ஆளோ தலைவர் நாற்காலியில் இருந்தார். கூட்டத்துக்கு முதல் நாள் ஆம்புலன்ஸ் அம்மா அவரிடம் சொன்னபோது அக்கா பக்கத்தில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், இந்த விஷயத்துக்கு நீங்க இறங்கி உட்காரணும்."

"உட்காருறேன். நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

விசாரணை அன்று செயலாளர் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து, உறுப்பினர்களோடு ஓரமாக உட்கார்ந்தார். கதவை மூடினார்கள். ஆம்புலன்ஸ் அம்மா நடத்தினார். அக்கா நோட்டைத் திறந்தார்.

முதல் அரை மணி நேரம் செயலாளர் கொண்டு வந்த காகிதத்தைப் படித்தார். நிர்வாக வசதி, பாதுகாப்பு, படிப்படியான சீர்திருத்தம். ஆம்புலன்ஸ் அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதை நீங்க நம்புறீங்களா?" என்றார்.

செயலாளர் காகிதத்தை மடித்தார். தவளை தன் வாயால் கெடும் என்பது அவருக்குத் தெரியாத பழமொழி இல்லை.

"இல்லை. அந்த ஆணையோட முதல் வரைவை எழுதினது நான்தான். எழுதச் சொன்னாங்க, எழுதினேன். எழுதி முடிச்சதும், இது தப்பு, போடாதீங்கன்னு நாலு பக்கம் நோட் எழுதி அதே ஃபைல்ல வெச்சேன்."

"அந்த நோட்டை நாங்க பார்க்க முடியுமா?"

"அதுவும் அந்த ஆணைக்குக் கீழதான் வருது. முப்பது வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா "அமைதி" என்று எழுதினார். அதன் பிறகு ஆம்புலன்ஸ் அம்மா பேசினார். குரலை உயர்த்தித்தான் பேசினார்.

"உங்கள மாதிரி நல்லவங்களே இப்படித்தான். நோட்டை எழுதி ஃபைல்ல சொருகிட்டு நிம்மதியாத் தூங்கிடுறீங்க. வண்டி வராத வீட்டுல யாரும் தூங்கல சார்."

அக்கா மறுபடி "அமைதி" என்று எழுதினார். சாயங்காலம் குழு அந்த நாட்டைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. அதை எதிர்த்து ஒருவரும் பேசவில்லை.

அன்று ஸ்டேஷனுக்கு இரண்டு கார் கேட்டார்கள்.

மறுநாள் காலை அக்கா பதினாறு பக்க வரைவை இருவருக்கும் அனுப்பினார். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ் அம்மா போன் செய்தார்.

"அக்கா, ஒரு எழுத்து மாறக் கூடாது. எழுதினவரே தப்புன்னு சொல்லியிருக்காரு. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"நான் எதையும் மாத்தல மேடம்."

"அவரு கேட்பாரு. குடுத்துடாதீங்க."

ஐந்தாம் நாள் செயலாளர் நேரிலேயே வந்தார். லிஃப்ட் பழுது, மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. அக்கா தண்ணீர் கொடுத்தார். கீழே யாருக்கோ பல் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை இருவரும் பேசாமல் இருந்தார்கள்.

"பதினொண்ணாம் பக்கத்துல ஒரு பத்தி இருக்கு" என்றார் செயலாளர். "அது வெளியில வந்தா, ஃபைல்ல இருக்கற விஷயத்தை வெளியில சொன்னேன்னு என்னைத் தூக்கிடுவாங்க. எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"தெரியுது சார்."

"நான் இறங்கி உட்கார்ந்த கூட்டம். ஆனா கையெழுத்து மட்டும் என்கிட்ட கேக்கறீங்க. இது எப்படி?"

"இறங்கி உட்கார்ந்தா கையெழுத்து யார் போடுறதுன்னு விதியில இல்ல சார். எழுதினவங்களுக்குத் தோணல போல."

"அந்தப் பத்தியை எடுக்க முடியாதா?"

அக்காவுக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும், வரைவு இரண்டு நாள் தாமதமானால் பரவாயில்லை என்று எழுதியவர் அவர் ஒருவர்தான்.

"சாட்சிக்காரன் காலுல விழுறதுக்குச் சண்டைக்காரன் காலுலயே விழலாம்னு சொல்லுவாங்க சார். நான் சாட்சிக்காரி. நீங்க சண்டைக்காரங்களப் போய்ப் பாருங்க."

செயலாளர் லேசாகச் சிரித்தார். பிறகு படி இறங்கிப் போனார். ஆனால் சண்டைக்காரரைப் போய்ப் பார்க்கவில்லை. அவரும் வந்து பார்க்கவில்லை. இருவரும் அக்காவுக்கு மாறி மாறிக் கடிதம் எழுதினார்கள். மற்றவருக்குத் தெரிவிக்கவும் என்று கீழே போட்டிருப்பார்கள். அக்கா தெரிவித்தார். பதினொன்றாம் நாள்வரை தெரிவித்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அக்கா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாத்தனார் கேட்டார்: "ஆபீஸ்ல எதுனா பிரச்சினையா?"

"இல்ல அண்ணி."

"இருக்கு. எக்ஸ்சேஞ்சுல ரெண்டு பேரு சண்டை போட்டுட்டு ஆளாளுக்கு என்கிட்ட, அவகிட்ட சொல்லு, அவன்கிட்ட சொல்லுன்னு சொல்லுவாங்க. நான் ரெண்டு லைனையும் இணைச்சு விட்டுட்டு நகர்ந்துடுவேன். அப்புறம் அவங்க பாடு."

நாத்தனாருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. அக்கா ஒன்றும் சொல்லவும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் இருவருக்கும் ஒரே வாசகத்தில் ஒரு கடிதம் போட்டார். வரைவைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பதால், நாளை மத்தியானம் மூன்று மணிக்கு மூல நோட்டிலிருந்து வாசித்துக் காட்டப்படும், கோர்ட்டில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கும் முன் அப்படித்தான் செய்வார்கள், வரவும். இயக்குநரிடம் அனுமதி கேட்டபோது, அவர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "நல்ல யோசனை. எனக்குத்தான் அந்த நேரத்துக்குக் கீழ ஒரு பல்லைப் பிடுங்கணும்" என்றார். அவர் உண்மையாகவே போய்ப் பிடுங்கிக்கொண்டார்.

பதின்மூன்றாம் நாள் மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். அக்காவின் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி. இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள், முகத்தைப் பார்க்காமல். அக்கா நோட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார். கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எந்தெந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும் என்று சொல்வது போல வாசித்தார். இருமலை வாசித்தார். அமைதியை "அமைதி" என்று வாசித்தார்.

செயலாளரின் நிர்வாக வசதி, பாதுகாப்பு, படிப்படியான சீர்திருத்தம் வந்தபோது அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். தானே படித்ததுதான். ஆனால் சம்பந்தமில்லாத ஒரு குரலில் கேட்கும்போது அதில் ஒன்றுமே இல்லை என்பது அவருக்கே கேட்டது. பதினொன்றாம் பக்கத்துப் பத்தி வந்தது. "எழுதச் சொன்னாங்க, எழுதினேன்" என்று அக்கா வாசித்தார்.

அடுத்தது ஆம்புலன்ஸ் அம்மாவின் பேச்சு. "உங்கள மாதிரி நல்லவங்களே இப்படித்தான். நோட்டை எழுதி ஃபைல்ல சொருகிட்டு நிம்மதியாத் தூங்கிடுறீங்க." ஆம்புலன்ஸ் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வண்டி வராத வீட்டுல யாரும் தூங்கல சார். அமைதி."

பதினாறு பக்கமும் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. அக்கா நோட்டை மூடி, கோர்ட்டில் கேட்கிற கேள்வியையே கேட்டார்.

"படித்துக் காட்டப்பட்டது. சரின்னு ஒப்புக்கறீங்களா?"

முதலில் செயலாளர்தான் பேசினார். "சரி. அப்படியே வெளியிடுங்க."

ஆம்புலன்ஸ் அம்மா சட்டென்று திரும்பினார். "என்ன சார் சொல்றீங்க?"

"நான் சொன்னதுதானே. ஒண்ணு மட்டும் குறையுது. அந்த நோட் இருக்கற ஃபைலோட எண்ணைச் சொல்லாம விட்டுட்டேன். எண் இருந்தா யார் வேணும்னாலும் எழுதிக் கேட்கலாம். அதைச் சேர்த்துக்குங்க அக்கா."

"அன்னைக்குச் சொல்லலையே சார். சொல்லாததை நான் எழுத முடியாது. உங்க தனிக் குறிப்புல வேணும்னா எழுதுங்க."

"இருங்க, இருங்க" என்றார் ஆம்புலன்ஸ் அம்மா. "நான் ஒத்துக்க மாட்டேன். அந்தப் பத்தியை எடுத்துடலாம். ஆணை தப்புன்னு காட்ட வேற நூறு வழி இருக்கு. இதுக்காக ஒருத்தரு வேலை போகணுமா?"

"பத்து நாளா எழுத்து மாறக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினேன். அப்ப நான் பேசினதை நான் கேட்கல."

"நான் பேசினதை நானும் இப்பத்தான் கேட்டேன் மேடம். வெளியில வரட்டும்."

"வேண்டாங்கறேன்!"

"வெளிப்படையா இருக்கணும்னு சொல்ற அமைப்போட ஆளே மறைக்கச் சொல்றது நல்லா இல்ல."

"அரசாங்க ஆளே வெளியிடச் சொல்றது மட்டும் நல்லா இருக்காக்கும்!"

அக்காவின் கை பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தது. பிறகு கீழே வைத்தது. அது கூட்டம் இல்லை. ஐந்தரை மணிவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அரசுப் பக்கம் திறக்கச் சொன்னது, அமைப்புகள் பக்கம் மூடச் சொன்னது. கடைசியில் ரயிலுக்கு நேரமாயிற்று என்று இருவரும் எழுந்தார்கள். கீழே ஒரே கார்தான் நின்றது. அதில் ஏறும்போதும் பேசிக்கொண்டேதான் ஏறினார்கள்.

பதினான்காம் நாளும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆகவே விதிப்படி அக்கா வரைவை இருந்தபடியே வெளியிட்டார், இரண்டு தனிக் குறிப்புகளோடு. அரசுப் பக்கத் தலைவரின் குறிப்பில் கோப்பு எண் இருந்தது. மக்கள் அமைப்புகள் பக்கத் தலைவரின் குறிப்பில், பதினொன்றாம் பக்கத்தை வெளியிடுவதைத் தான் எதிர்ப்பதாகவும், தன் பேச்சில் ஒரு வாக்கியத்துக்காக வருந்துவதாகவும், ஆனால் அதையும் நீக்க வேண்டாம் என்றும் இருந்தது.

ஒன்பது நாள் யாரும் படிக்கவில்லை. இணையதளக் கணக்கு ஆறு முறை பார்க்கப்பட்டதாகக் காட்டியது. அதில் நான்கு முறை நாத்தனார்.

"பதினொண்ணாம் பக்கத்தைப் படிச்சியா?" என்று அவர் அக்காவையே கேட்டார்.

"எழுதினதே நான்தான் அண்ணி."

"அடிப்பாவி! வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே இத்தனை நாளும்?"

பத்தாம் நாள் ஒரு பத்திரிகைக்காரர் படித்தார். அதன் பிறகு எல்லாரும் படித்தார்கள். கோப்பு எண்ணைப் போட்டு முந்நூறு பேர் அந்த நான்கு பக்க நோட்டைக் கேட்டு எழுதினார்கள். முந்நூறு பேருக்கும் முப்பது வருஷம் கழித்து வரும்படி பதில் போனது. அந்தப் பதில்களை அமைப்புகள் ஒரு மண்டபத்தின் சுவர் முழுக்க ஒட்டி வைத்தன. ஏழு மாதம் இழுத்து, முப்பது வருஷம் இரண்டு வருஷமாகக் குறைந்தது. முழுசாக எடுக்கவில்லை. அமைச்சர் அதைச் சீர்திருத்தம் என்றார். குழு அதை "வரவேற்றது".

நாத்தனாரின் நிறுத்தத்தைத் தள்ளி வைத்தது பிந்தித்தான் என்றாலும், அதற்கு முடிவெடுத்த கூட்டம் நடந்து அதற்குள் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் போய்ப் பதிவைப் பார்த்தார். ஒன்றரை வரி. "பஸ் நிறுத்தம் பற்றிப் பேசப்பட்டது. நகர்த்த ஒப்புக்கொள்ளப்பட்டது." யார் பேசினார்கள், ஏன் நகர்த்தினார்கள் என்று ஒன்றும் இல்லை.

"இதுக்குப் போய் ஒரு பூட்டு வேற!" என்றார் நாத்தனார். "எவ இதை எழுதினது? உன்னை மாதிரி ஒருத்திதானே?" அந்த வாரத்திலிருந்து நாத்தனார் நகராட்சிக் கூட்டத்துக்கே நேரில் போக ஆரம்பித்தார். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து தானே எழுதிக்கொண்டார். மூன்றாம் கூட்டத்தில் அவரோடு நான்கு பேர் வந்தார்கள். நிறுத்தம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் நகராட்சித் தலைவர் இப்போது காரணம் சொல்லித்தான் எதையும் நகர்த்துகிறார்.

செயலாளரை வேலையிலிருந்து தூக்கவில்லை. தூக்கினால் முந்நூறு பேர் மூவாயிரமாவார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பதவி குறையாமல் அக்காவின் ஊரிலிருந்த அரசுத் தாவரப் பூங்காவுக்கு மாற்றினார்கள். கூட்டமைப்பில் அவர் இடத்துக்கு வேறொரு அரசின் ஆள் வந்தார்.

மறு வருஷம் ஆம்புலன்ஸ் அம்மாவின் காலமும் முடிந்தது. கடைசிக் கூட்டம் மத்தியானமே முடிந்துவிட, அவர் அக்காவிடம், "பூங்கா எவ்வளவு தூரம்?" என்றார். இருவரும் பஸ்ஸில் போனார்கள், வழியெல்லாம் நாத்தனாரைப் பற்றிப் பேசிக்கொண்டு.

செயலாளர் கண்ணாடி வீட்டுக்குள் இருந்தார். வெயிலில் கொஞ்சம் கறுத்திருந்தார். மேசையில் ஒரே ஒரு கோப்பு. அதிலும் மழைக்குழாய் ரிப்பேர் பற்றித்தான் இருந்தது. மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"எப்படி இருக்கு சார் இங்க?" என்று கேட்டார் ஆம்புலன்ஸ் அம்மா.

"தூக்கம் நல்லா வருது" என்றார் செயலாளர். உடனே, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"நான் சொன்னதுக்கு ஏற்கெனவே வருத்தம் தெரிவிச்சாச்சு. ரெண்டாவது தடவை மாட்டேன்."

"வேண்டாம். அது பதிவுல இருக்கு."

அக்கா நோட்டை எடுத்து வரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பூங்காவைச் சுத்தம் செய்பவர்கள் இலைகளைக் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செயலாளர் சொன்னார்: "அடுத்த மாசம் என் நோட்டுக்கு ரெண்டு வருஷம் முடியுது. திறந்துடுவாங்க. நாலு பக்கமும் என்ன எழுதினேன்னு எனக்கே இப்ப சரியா ஞாபகம் இல்ல. நான் நினைக்கிற அளவுக்குத் தைரியமா எழுதியிருப்பேனான்னு பயமா இருக்கு."

"சுமாரா இருந்தாலும் பரவாயில்ல சார்" என்றார் ஆம்புலன்ஸ் அம்மா. "நாங்க மூணு பேரும் வந்து படிக்கறோம்."

"மூணாவது யாரு?"

"என் நாத்தனார்" என்றார் அக்கா. "நோட்டைக் கேட்டு ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டாங்க. வரிசையில முதல் ஆள் அவங்கதான்."